ரஷ்ய இசையமைப்பாளர்களை முக்கியமாக ஆராய்ந்து ஒருவர் பெயர் வாங்க முடியுமா?

தாராளமாக முடியும். இசை ஆய்வாளர் ரிச்சர்ட் டரஸ்கின் (1945–2022) அதற்குச் சான்று. நியூயார்க்கில் பிறந்தவர், ரஷ்ய மொழி கற்று, மாஸ்கோவில் தங்கிப் படித்தார். 1860-களின் ரஷ்ய ஓபராவை (இசை நாடகத்தை) ஆராய்ந்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்.

அவருடைய உழைப்பின் ஆழம் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி பற்றிய ஆய்வில் தெரியும். 1913-இல் அரங்கேறிய அவருடைய 'வசந்தச் சடங்கு' பாலே நடன இசையில், தொடக்கத்தில் பஸூன் என்ற ஊதுகருவி வாசிக்கும் மெட்டு மட்டுமே நாட்டுப்புறப் பாடல் என்று ஸ்ட்ராவின்ஸ்கி பிற்காலத்தில் சொல்லிவந்தார். டரஸ்கின் அந்தப் பேச்சை நம்பி உட்காரவில்லை. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக் குறிப்பேட்டையும் பழைய நாட்டுப்பாடல் தொகுப்புகளையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட்டார். மேலும் பல மெட்டுகள் அகப்பட்டன. ஓர் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய துணிவு வேண்டியதில்லை என்பேன். 1996-இல் அந்த ஆய்வு இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 2017-இல் ஜப்பானின் கியோட்டோ பரிசும் அவருக்குக் கிடைத்தது.

இத்துறையில் இறங்க நினைத்தால் முதலில் ரஷ்ய மொழியைப் படியுங்கள்.