பாட்டாவைக் காணோம்!

கேள்வி: விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்காக ஒரு வேடிக்கைத் துப்பறியும் கதை எழுதினேன். விடிந்து பார்த்தால் பாட்டாவைக் காணோம். ஆச்சி பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேடப் புறப்படுகிறார். எண் புதிர்களை ஒவ்வொன்றாக விடுவித்தால் பாட்டா பத்மநாபபுரம் அரண்மனையில் இருப்பது தெரியும். ஆறாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகன், “அத்தை, பாட்டாவுக்கு ஒரு போன் போட்டா போதுமே” என்று முதல் பக்கத்திலேயே கதையை முடித்துவிட்டான். அவன் தங்கை, பாட்டாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அழுதே விட்டாள். கதையை எப்படிச் சரிசெய்வது?
– வாசகி, தக்கலை

பதில்: அண்ணன் மகன் கேட்டது நியாயமான கேள்வி. அதைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிடுங்கள். ஆச்சி போன் போடட்டும், மணி தலையணைக்கு அடியிலிருந்து கேட்கட்டும். பாட்டா வேண்டுமென்றே போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதுதான் முதல் தடயம்.

சின்னவள் அழுததற்குக் காரணம், பாட்டா தானாகப் போனாரா, ஏதாவது ஆபத்தா என்று கதை சொல்லவே இல்லை. பாட்டாவோடு அவருடைய செருப்பு, குடை, அப்புறம் முந்திரிக்கொத்து என்ற இனிப்புப் பலகாரம் வைத்த டப்பா எல்லாமே காணாமல் போகட்டும். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நாலு வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஆச்சியும் அழக்கூடாது, கோபப்பட வேண்டும். போலீஸ்காரர் அங்க அடையாளம் கேட்டால், “சீனி வியாதி உண்டு, இல்லைன்னு சொல்லுவாரு. தலையில முடி இல்லை, உண்டுன்னு சொல்லுவாரு” என்கிறார் ஆச்சி. சிரிப்பு இங்கேதான் இருக்கிறது, எண்களில் இல்லை.

நீங்கள் அனுப்பிய திருவள்ளுவர் சிலைப் புதிரையே எடுத்துக்கொள்வோம். பீடம் 38 அடி, சிலை 95 அடி, கூட்டினால் 133, குறளின் அதிகாரங்கள். அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38, மற்ற இரண்டு பாலுக்கும் சேர்த்து 95. கணக்கு அழகுதான். ஆனால் அதற்கும் பாட்டாவுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லாவிட்டால் அது வீட்டுப்பாடம். அந்த எண்ணைப் பாட்டாவின் பெட்டிப் பூட்டுக்கு வையுங்கள். திறந்தால் உள்ளே ஆச்சியிடம் காட்டாமல் ஒளித்துவைத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு. ஏன் ஓடினார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அரண்மனையை விடையாக வைக்காதீர்கள். தக்கலைப் பிள்ளைகள் முதலில் நினைப்பது அதைத்தான். அதைப் பொய்த் தடயமாக்கலாம். பக்கத்து வீட்டு மாமா, “இன்னைக்குக் காலையில அரண்மனைக்கு உள்ளதான் பார்த்தேன்” என்கிறார். நாள்காட்டியைப் பார்த்தால் திங்கட்கிழமை, அரண்மனைக்கு விடுமுறை. மாமாவின் சட்டையில் முந்திரிக்கொத்துத் துணுக்கு ஒட்டியிருந்தால் அவர் ஏன் பொய் சொன்னார் என்பதையும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

உண்மையான இடம் மாத்தூர் தொட்டிப்பாலமாக இருக்கட்டும். அதற்கு ஒரு விடுகதை போடலாம்: “இருபத்தெட்டுக் கால் உண்டு, ஓரடி நடக்காது. காலடியில் ஆறு, தலையில் வாய்க்கால்.” ஆறு பறளியாறு. மேலே, ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டி. சுமார் 115 அடி உயரத்தில் அதையொட்டி நடைபாதையும் உண்டு.

பாட்டா ஏன் அங்கே போக வேண்டும்? ஆச்சிக்கு உயரம் என்றால் பயம். பாலத்தின் மறுகரையில் உட்கார்ந்து முந்திரிக்கொத்து தின்றால் ஆச்சி நடந்துவந்து பிடிக்கவே முடியாது. ஐம்பது வருடம் கூடவே வாழ்ந்தவருக்குத்தான் இந்தத் திட்டம் தோன்றும். கணவனைத் தேடும் கதையில் விடை கணவன் மனைவி இருவருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அந்தப் பயத்தைக் கடைசிப் பக்கத்தில் திடீரென்று சொன்னால் பிள்ளைகள் “ஏமாத்து!” என்று கத்துவார்கள், கத்தவும் வேண்டும். இரண்டாம் பக்கத்திலேயே பரணில் இருக்கும் உருளியை எடுக்க ஆச்சி ஏணியில் ஏற மறுத்துப் பேரனை ஏற்றிவிடட்டும். அதற்குமேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

முடிவில் ஆச்சி என்ன செய்வார்? கண்ணை மூடிக்கொண்டு பேத்தியின் கையைப் பிடித்துப் பாலத்தைக் கடந்துவிடலாம். இல்லை, இந்தக் கரையிலேயே நின்று, “டப்பாவுல எத்தனை மிச்சம் இருக்கு?” என்று கத்தலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. அண்ணன் மகனைச் சும்மா விடாதீர்கள். அடுத்த கதைக்கான பொய்த் தடயங்களை அவனையே எழுதச் சொல்லுங்கள்.