நாற்பதாவது நிமிடத்தில் என்ன ஆனது?

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து, கைப்பணம் போட்டு 24 நாளில் ஒரு க்ரைம் படம் எடுத்திருக்கிறேன். சீட்டுக் கம்பெனி கணக்குப்பிள்ளை காணாமல் போகிறார். இன்ஸ்பெக்டர் தேடுகிறார். கொன்றது மச்சான் என்று கடைசியில் தெரிகிறது. டீசருக்கு நல்ல பேச்சு. ஆனால் 2 மணி 10 நிமிட ரஃப் கட்டை (முதல்கட்டத் தொகுப்பை) போட்டுக் காட்டியபோது, முதல் 40 நிமிடம் அசையாமல் பார்த்தவர்கள் அப்புறம் போனை எடுத்துவிட்டார்கள். ட்விஸ்டுக்கு "ஓ, சரி" என்றார்கள். இரண்டு நாள் பேட்ச் ஒர்க்குக்குத்தான் (விட்டுப்போனதை எடுத்துச் சேர்க்கும் ஷூட்டிங்குக்கு) பணம் மிச்சம். காட்சி வரிசையைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். காப்பாற்ற முடியுமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: முடியும். ட்விஸ்ட் அப்படியே இருக்கட்டும், அதன் இடம்தான் தப்பு.

டீசருக்கு ஒரு கேள்வி போதும். இருட்டு, மழை, ஒற்றைச் செருப்பு, முடிந்தது. முழுப் படத்துக்கு அந்தக் கேள்வி மாறிக்கொண்டே போக வேண்டும். உங்கள் வரிசையில் 'ஆள் எங்கே?' என்பதே 40ஆவது நிமிடத்திலும் 90ஆவது நிமிடத்திலும் நிற்கிறது. இன்ஸ்பெக்டர் ஒரு வீட்டுக்குப் போகிறார், தெரியாது என்கிறார்கள், அடுத்த வீடு. போன் வெளியே வருவது அங்கேதான்.

காட்சிக்கு ஓர் அட்டை எழுதுங்கள். அதில் மூன்று கட்டம்: இந்தக் காட்சியில் மச்சானுக்குப் புதிதாக என்ன தெரிகிறது, இன்ஸ்பெக்டருக்கு என்ன, பார்ப்பவருக்கு என்ன. மூன்றும் காலி என்றால் காட்சியை எடுத்துவிடுங்கள், ட்ரோன் ஷாட் உட்பட. 2 மணி 10 நிமிடம் இந்தக் கதைக்கு அதிகம். ஹாலிவுட் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் முதல் படமான 'ஃபாலோயிங்' (1998) ஏறத்தாழ 70 நிமிடம்தான். நீங்கள் 100 நிமிடத்துக்குள் வரப் பாருங்கள்.

அடுத்தது மச்சான். அவர் முதன்முதலாக முகம் காட்டுவது 96ஆவது நிமிடத்தில். அதுவரை பார்க்காத ஆள் கொலைகாரன் என்றால் யாருக்கு என்ன அதிர்ச்சி? வெறும் தகவல். பேட்ச் ஒர்க்கின் முதல் நாளை இதற்கே வையுங்கள். முதல் 15 நிமிடத்துக்குள் அவர் தன் அக்காவை, அதாவது கணக்குப்பிள்ளையின் மனைவியை, ஸ்டேஷனுக்குக் கூட்டிவரட்டும், தேடும் கும்பலில் முன்னால் நிற்கட்டும், இன்ஸ்பெக்டருக்கு டீ வாங்கிவரட்டும். சின்னச் சின்னதாக மூன்று காட்சி. தாடி அளவும் சட்டையும் பழைய ஃபுட்டேஜோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரிசையில் கொலை நடந்ததைச் சொல்லும் 14 நிமிட ஃப்ளாஷ்பேக்தான் பெரிய ஓட்டை. பரபரப்பாக இருக்க வேண்டிய நேரத்தில் படம் பாடம் நடத்துகிறது. கொலையை மட்டும் 3 நிமிடமாக வெட்டி 55ஆவது நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு கேள்வி 'யார்?' அல்ல, 'மாட்டுவானா?' மச்சானும் இன்ஸ்பெக்டரும் ஒரே பெஞ்சில் டீ குடிக்கும் ஷாட்டை அதற்கப்புறம் வைத்தால், புதிதாக எதுவும் சேர்க்காமலே பதற்றம் வரும்.

இன்ஸ்பெக்டரிடம் மச்சான் ஒப்புக்கொண்டதும் வழக்கு முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் தெரிந்தவர் சிரிப்பார். போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 23ஆம் பிரிவு. ஆனால் காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டித்தந்த பகுதி மட்டும் செல்லும். ஆகவே மச்சான் ஒப்புக்கொள்ளும் அந்த ஆறு நிமிட வசனம் வேண்டாம். கிணற்றிலிருந்து கணக்குப்பிள்ளையின் பைக் கயிற்றில் மேலே வரட்டும், மச்சான் பேசாமல் நிற்கட்டும். இரண்டாம் நாள் ஷூட்டிங் அது.

ஆர்.ஆர். (பின்னணி இசை) போட்டால் தூக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தற்காலிக இசையை முழுக்க எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், தொய்வு எங்கே என்று தெரியும். டி.ஐ.யில் (நிறம், வெளிச்சம் சரிசெய்யும் வேலையில்) ஒரு எச்சரிக்கை: வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் அளப்பார்கள்; எடிட்டிங் மானிட்டரின் வழக்கமான அளவுகோல் 100 நிட்ஸ், தியேட்டர் திரையின் அளவுகோல் 48 நிட்ஸ். எடிட்டிங் அறையில் அழகாகத் தெரியும் இரவுக் காட்சி தியேட்டரில் கரிக்கட்டையாகிவிடலாம். பத்து நிமிடத்தையாவது பெரிய திரையில் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த தடவை படத்தோடு சம்பந்தமில்லாத எட்டுப் பேரைக் கூப்பிடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். 45ஆவது நிமிடத்தில் நிறுத்தி, யார் மேல் சந்தேகம், ஏன் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு சீட்டிலும் மச்சான் பெயர் இல்லையென்றால் அவரை இன்னும் சரியாக ஊன்றவில்லை. எட்டிலும் அவர்தான் என்றால், கொலைக் காட்சியை 45க்கே இழுத்துவிடுங்கள்.