ஒரே பாடநூல், இரண்டு கணக்கு

கேள்வி: என் மகள் திருச்சபை நடத்தும் தனியார் பாடசாலையிலும் மகன் தோட்டத்து அரச பாடசாலையிலும் படிக்கிறார்கள். பாடநூல் ஒன்றாயிருந்தும் கணிதம் கற்பிக்கும் விதம் வேறாக இருக்கிறது. மதப் பாடசாலை என்பதுதான் காரணமா?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: பாடசாலையை யார் நடத்துகிறார்கள் என்பதைவிட, கணிதம் என்றால் என்னவென்று ஆசிரியர் மனத்தில் கொண்டிருக்கும் எண்ணமே பெரிய காரணம் என்று கருதுகிறேன். பிரித்தானியக் கணிதக் கல்வியாளர் போல் ஏர்னஸ்ட் 1989இல் இவ்வெண்ணங்களை மூன்றாக வகுத்தார்: கணிதத்தைப் பயன்தரும் விதிகளின் தொகுப்பாகக் காண்பது, மாறாத உண்மைகளின் கட்டமைப்பாகக் காண்பது, மனிதர் கேட்டும் தேடியும் வளர்த்துவரும் ஆய்வாகக் காண்பது. முக்காலை (3/4) அரைக்காலால் (1/8) வகுக்க வேண்டுமானால், முதல்வகை ஆசிரியர் "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று சொல்லி 6 என எழுதவைப்பார். இரண்டாமவர் அவ்விதி ஏன் பொருந்துகிறது என்று தாமே விளக்குவார். மூன்றாமவர் முக்கால் கிலோ தேயிலைத் தூளை 125 கிராம் பைகளில் நிரப்பச் சொல்லி, பிள்ளைகளே விதியைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பார். (அதற்கு ஒரு பாடவேளை போதாது என்பது வேறு விடயம்.)

மத நம்பிக்கையோ இரு திசையிலும் இழுக்கக்கூடியது. அறிவு குருவின் வாயிலிருந்தே வரவேண்டும் என்று நம்புபவர் வாய்ப்பாட்டைச் செபம்போல ஒப்புவிக்கச் செய்யலாம். படைப்பில் ஓர் ஒழுங்கு உண்டென்று நம்புபவர், அந்நம்பிக்கையாலேயே, எண்களில் ஒழுங்கைத் தேடும்படி பிள்ளைகளைத் தூண்டலாம். மேலும், இலங்கையில் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிஷன் பாடசாலைகளுள் பெரும்பாலானவை அரசின் கீழ் வந்துவிட்டன. புனிதரின் பெயரைத் தாங்கிய அரச பாடசாலைகள் நம் மலையகத்திலும் உண்டு.

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு நம்பிக்கை: "தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது." இவ்வாறு எண்ணும் ஆசிரியர் கடினமான வினாவைக் கேட்பதேயில்லை, பழகாத பிள்ளை பரீட்சையில் தடுமாறும்போது, தாம் நினைத்தது சரியே என்று அவர் உறுதிப்படுத்திக்கொள்கிறார். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தராசைப் பார்த்த மாத்திரத்தில், கழிவுபோக எத்தனை கிலோ, முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா) என்று மனக்கணக்காய்ச் சொல்லும் தாய்மாரின் பிள்ளைகள் அவர்கள் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆசிரியர் நம்புவது அப்படியே வகுப்பறைக்கு வந்துவிடுவதுமில்லை. சாதாரணதரப் பரீட்சை நெருங்கும்போது மூன்றாம் வகையினரும் கடந்தகால வினாத்தாள்களுக்குத் திரும்புவதுண்டு. ஆகவே உங்கள் பிள்ளைகள் இருவரின் கொப்பிகளையும் எடுத்துப் பாருங்கள்: பிழையான விடைக்குச் சிவப்புக் கோடு மட்டும் கிடக்கிறதா, "எப்படி இந்த விடை வந்தது?" என்று யாரேனும் எழுதியிருக்கிறார்களா?