கேள்வி - பதில்: ஆச்சி வேடம் மட்டுமே கிடைக்கும் மகளுக்கு

கேள்வி: மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, என் மகள் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறாள். பாடசாலை நாடகங்களில் இதுவரை அவளுக்குக் கிடைத்தவையெல்லாம் ஆச்சி, மாமி, வேலைக்காரி வேடங்களே. கதாநாயகியாக வராத பிள்ளைக்கு நடிப்பில் என்ன எதிர்காலம் என்று சொந்தக்காரர் கேட்பதால் அவள் சோர்ந்துபோயிருக்கிறாள். இலண்டனில் இருக்கும் என் தமக்கை, தோரா ஹேர்ட் என்ற ஆங்கில நடிகையைப் பற்றி அவளுக்குச் சொல்லும்படி சொன்னார். அவர் யார்?
- ஒரு தாய், இணுவில், யாழ்ப்பாணம்.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் தமக்கையார் மிகப் பொருத்தமான ஒருவரையே காட்டியிருக்கிறார். தோரா ஹேர்ட் 1911ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள மோர்கம் என்னும் கடலோரப் பட்டினத்தில் பிறந்தார். தகப்பனார் அவ்வூர் நாடக அரங்கொன்றின் முகாமையாளர், தாயார் நடிகை. இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே, தகப்பனார் நெறிப்படுத்திய நாடகமொன்றில் தாயாரின் கையிலிருந்தபடி மேடைக்கு வந்துவிட்டார். இப்படியொரு குடும்பத்துப் பிள்ளை நேரே நடிக்கப் போயிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அவர் இளவயதில் பல ஆண்டுகள் வேலை செய்தது ஊர்க் கூட்டுறவுக் கடையில். நம்முடைய வழக்கில் சொன்னால், சங்கக்கடையில்.

அந்தக் கடையைத்தான் நான் அவருடைய நாடகப் பள்ளி என்று கருதுகிறேன். சாமான் வாங்க வந்த பெண்கள் எப்படிப் பேசினார்கள், எதை வெளிப்படையாகச் சொன்னார்கள், எதை மறைத்தார்கள் என்பதையெல்லாம் அவர் மனத்தில் சேர்த்துவைத்தார். பின்னாளில் தாம் நடித்த பாத்திரங்கள் பலவும் அந்தக் கடையில் கண்ட மனிதர்களிலிருந்து வந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். மோர்கம் நாடகக் குழுவில் அவர் நடித்ததைக் கண்ட நகைச்சுவை நடிகர் ஜோர்ஜ் ஃபோம்பியின் மூலம் ஈலிங் திரைப்பட நிலையத்தின் கதவு திறந்தது. அதன் பிறகு இலண்டன் மேடைகளிலும் திரைப்படங்களிலும் வீட்டுக்காரி, மாமி, பணிப்பெண் எனச் சிறிய வேடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

தொலைக்காட்சியில் அவரை வீட்டுக்கு வீடு அறியச் செய்தது, 1963 முதல் 1966 வரை பிபிசியில் ஒளிபரப்பான ‘மீட் த வைஃப்’ என்ற தொடர். குழாய்வேலை செய்யும் கணவனை ஓயாமல் திருத்த முயலும் மனைவியாக அதில் வந்தார். பின்பு ‘லாஸ்ட் ஒஃப் த சமர் வைன்’ தொடரில் 1986 முதல் தம் இறுதிக்காலம் வரை, வீட்டைத் துடைத்துத் துடைத்தே மற்றவர்களை வாட்டும் ஈடி என்ற பெண்ணாக நடித்தார். இடையில் பல ஆண்டுகள் ஞாயிறு மாலைகளில் பக்திப் பாடல் நிகழ்ச்சியொன்றையும் தொகுத்தளித்தார்.

ஆனால் உங்கள் மகள் கட்டாயம் அறியவேண்டியது 1988இல் பிபிசி ஒளிபரப்பிய ‘டோக்கிங் ஹெட்ஸ்’ வரிசையில் இடம்பெற்ற ஒரு தனிநடிப்பு. அதை எழுதியவர் அலன் பெனற். இலண்டனிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த வீடியோ நாடாவில் அதைப் பார்த்த இரவில் எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. டோரிஸ் என்ற எழுபத்தைந்து வயது விதவை, தூசு தட்டப்போய் விழுந்து, காலை அசைக்க முடியாமல் வீட்டுத் தரையில் கிடக்கிறார். வேறு பாத்திரம் என்று சொல்ல அநேகமாக எவரும் இல்லை. ஏறக்குறைய அரை மணிநேரம் முழுவதும் அவருடைய முகமும் குரலும்தான். இருக்கையின் அடியில் ஒரு கிறீம் கிறாக்கர் பிஸ்கற் கிடப்பதைக் காண்கிறார். காய்ச்சல்காரருக்குத் தேநீரில் தோய்த்துக் கொடுக்க நாம் வாங்கிவைத்திருக்கும் அதே பிஸ்கற்றுத்தான். வேலைக்கு வரும் பெண் அந்த இடத்தைத் துடைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி என்று, விழுந்துகிடக்கும் நிலையிலும் அவருக்கு ஒரு வெற்றிக்களிப்பு. அந்தக் கணத்தில் தோரா ஹேர்டின் கண்கள் மின்னுவதைப் பார்க்கவேண்டும். பிறகு ஒரு பொலிஸ்காரர் வாசலுக்கு வந்து சுகம் விசாரிக்கிறார். உதவி கேட்டால் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இருக்கும் டோரிஸ், தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அழுகையோ கூச்சலோ இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருந்துகொண்டு, தொலைபேசியில் ‘நான் சுகமாய்த்தான் இருக்கிறன்’ என்று சொல்லும் அம்மாக்களை அறிந்த எங்களுக்கு, அந்தப் பொய் எங்கே குத்தும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அந்த நடிப்புக்குச் சிறந்த நடிகைக்கான பாஃப்டா விருது, அதாவது பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் விருது, கிடைத்தது. 1998இல் அதே எழுத்தாளரின் இன்னொரு தனிநடிப்பில், பாரிசவாதத்தால் சொற்களைத் தவறவிடும் மூதாட்டியாக நடித்ததற்கும், 1999இல் ‘லோஸ்ட் ஃபோர் வேர்ட்ஸ்’ என்ற தொலைக்காட்சிப் படத்துக்கும் அதே விருதை மீண்டும் பெற்றார். மூன்று விருதுகளும் எழுபத்தைந்து வயதைத் தாண்டியபின் வந்தவை என்பதை உங்கள் சொந்தக்காரருக்கும் சொல்லுங்கள். 1993இல் ‘டேம்’ என்ற உயர் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டது. 2003 மார்ச்சில், தொண்ணூற்றொரு வயதில் காலமானார்.

ஆச்சி வேடம் கிடைத்ததற்காக மகள் வருந்தவேண்டாம். ஆனால் அந்த வேடத்தைக் கூனும் நடுங்கும் குரலும் வைத்துச் செய்துவிடக்கூடாது. நம் பாடசாலை மேடைகளில் நான் அதிகம் காணும் குறை இதுவே. அடுத்த ஒத்திகைக்கு முன்பு அவளை ஒருநாள் காலையில் திருநெல்வேலிச் சந்தைக்கு அனுப்புங்கள். மரக்கறி வாங்கும் ஒரு வயோதிப மாது மடியிலிருந்து கொட்டைப்பெட்டியை எடுத்து, மடித்த காசுத்தாளை விரித்து, கொடுப்பதா விடுவதா என்று ஒரு கணம் விரலில் வைத்திருப்பதை அவள் அருகில் நின்று பார்க்கட்டும். பார்த்ததை வீட்டுக்கு வந்து, வசனம் எதுவுமின்றி, உங்களுக்குச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.