டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்: பழைய ஃபிளை ராடு, கேள்வி-பதில்

ஃபிளை என்பது இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சி, அதை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கழி ஃபிளை ராடு. பழைய மூங்கில் ஃபிளை ராடுகளைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன். நீளமானவற்றைக் கத்தரித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பழைய சாமான் கடையில் மூன்று துண்டு மூங்கில் ராடு ஒன்று பார்த்தேன். முழுக்க ரெஸ்டோர் செய்ததாம். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. 28,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா? (குன்னூர்)

மின்னுகிறது என்று படித்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ரெஸ்டோர் என்ற பெயரில் நடக்கும் அநியாயத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு ஆறாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ராடு முழு மூங்கில் கழி அல்ல. மூங்கிலைப் பிளந்து, முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளை அறுகோணமாக ஒட்டிச் செய்வது. நல்லவை பெரும்பாலும் தென்சீனாவின் குவாங்டாங் பக்கம் விளையும் டோன்கின் மூங்கில். அதற்கு முந்தைய காலத்தில் கல்கத்தா வழியாகக் கப்பலேறிய இந்திய மூங்கில். எதுவானாலும் வலு எல்லாம் வெளித்தோலை ஒட்டிய நாரில்தான். உள்ளே போகப் போக நார் குறைந்துவிடும். பழைய வார்னிஷை எடுக்கிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர் அந்த நாரைத்தான் தேய்த்து எடுக்கிறார். டிரவுட் மீனுக்கான ராடின் நுனித் துண்டு, கடைசியில் 2 மில்லிமீட்டர் கூட இருக்காது. அதில் மயிரிழை போனாலும் ராடு தொய்ந்துவிடும். அப்புறம் எத்தனை பூச்சு வார்னிஷ் அடித்தாலும் அந்த விறைப்பு திரும்பாது. கைப்பிடிக்கு மேலே மையால் எழுதிய தயாரிப்பாளர் பெயரும் அந்தத் தேய்ப்பிலேயே போய்விடும். விவரம் தெரிந்தவர் காசு கொடுப்பது அந்த எழுத்துக்குத்தான்.

ஒழுங்காக வேலை செய்கிறவர் பழைய வார்னிஷ் நன்றாக இருந்தால் தொடவே மாட்டார். நரம்பு ஓடும் வளையங்களைப் பிடித்திருக்கும் நூல்கட்டு அவிழ்ந்திருந்தால் அதை மட்டும் பிரித்து, அதே நிறப் பட்டு நூலால் கட்டுவார். வார்னிஷ் பட்டதும் பட்டு நூல் கறுத்துப்போகும் என்பதால் முதலில் வேறொரு குச்சியில் கட்டி, வார்னிஷ் தொட்டுப் பார்ப்பார். தக்கைக் கைப்பிடியில் ஓட்டை இருந்தால் தக்கைத் தூளும் பசையும் குழைத்து அடைப்பார். முடித்த பிறகு ராடு புதுசு மாதிரி இருக்காது. இருக்கவும் கூடாது.

கடைக்கு டேப்போடு போங்கள். மூன்று துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். பொதுவாக மூன்றும் ஒரே நீளம் இருக்கும். நுனி மட்டும் இரண்டு மூன்று அங்குலம் குட்டையாக இருந்தால், எங்கோ ஒடிந்து, ஒடிந்த இடத்திலேயே புது வளையம் மாட்டியிருக்கிறார்கள். அடுத்து, கண்ணுக்கு நேரே நீட்டிப் பாருங்கள். லேசான வளைவு இருந்தால் இளஞ்சூட்டில் நிமிர்த்தலாம், பயப்பட வேண்டாம். பிறகு இரண்டு கையாலும் மெதுவாக முறுக்கிக் காதருகே வையுங்கள். நொறநொறவென்று சத்தம் வந்தால் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. அதை மறுபடி ஒட்டுவது பெரிய செலவு. கடைசியாகப் பூண், அதாவது துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கும் உலோகக் குழல். செருகும்போது வழுக்கிக்கொண்டு இறுக்கமாகப் போக வேண்டும், இழுத்தால் 'டொப்' என்று விட வேண்டும். லொடலொடத்தால் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால், ரெஸ்டோர் செய்வதற்கு முன் எடுத்த படத்தைக் கேளுங்கள். படம் இல்லை என்றால் 28,000 ரூபாயும் இல்லை.

பூண் மாட்டிக்கொண்டு துண்டுகள் பிரிய மாட்டேன் என்கின்றன. கட்டிங் பிளேயர் போடலாமா? (ஏற்காடு)

பிளேயரைக் கீழே வையுங்கள். முறுக்கவும் வேண்டாம், மூங்கில் திருகிக்கொள்ளும். பூணை ஐஸில் கொஞ்ச நேரம் வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து நேராக இழுங்கள்.

ராடில் எச்.டி.எச். என்று மூன்று எழுத்து இருக்கிறது. கடைக்காரர் ஐந்தாம் எண் தூண்டில் நரம்பு கொடுக்கிறார். சரியா? (கோயம்புத்தூர்)

சரியில்லை. ஆறாம் எண் கேளுங்கள். அந்தக் காலத்தில் நரம்பு எல்லாம் பட்டு. தடிமனைச் சொன்னாலே எடை தெரிந்துவிடும் என்பதால் தடிமனுக்கு ஓர் எழுத்து வைத்தார்கள். உங்கள் மூன்று எழுத்துக்கு அர்த்தம்: இரண்டு முனையும் மெலிவு, நடு தடிப்பு. பிளாஸ்டிக் பூச்சு நரம்பு வந்ததும் தடிமனை வைத்து எடையைச் சொல்ல முடியாமல் போனது. அதனால் 1960களின் தொடக்கத்தில் எடை எண்ணுக்கு மாறினார்கள். ஐந்தாம் எண் என்றால் முதல் 30 அடி சுமார் 9 கிராம், ஒரு பவுனுக்குச் சற்று மேல். ஆறாம் எண் சுமார் 10 கிராம். வித்தியாசம் அவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். ஃபிளைக்கு எடையே கிடையாது. ராடை வளைத்து வீச்சை எடுத்துப் போவது நரம்பின் எடைதான்.

மரப்பெட்டிக்குள் மூங்கில் ராடு, ஃபிளைகள் எல்லாம் அடுக்கிய செட். 1920களின் குடும்பச் சொத்து என்று சொல்லி 300 டாலருக்கு விற்றார்கள். மூடியில் ஜப்பான் என்று போட்டிருக்கிறது. (டொராண்டோ)

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்கு வாங்கிப் போவதற்காக ஜப்பானில் மலிவாகச் செய்து குவித்த செட் அது. பெட்டி அழகு, ராடு குச்சி. மீன் பிடிக்கவும் ஆகாது, சேர்த்து வைக்கவும் ஆகாது. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. இப்போது அது ஜன்னல் திரையைத் தாங்குகிறது, அந்த வேலையிலும் நடுவில் தொய்கிறது. விளம்பரத்தில் 1920கள் என்று எழுதியிருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாயால் சொன்னது என்றால் ஜன்னலை அளந்துகொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராமில் பார்த்து 19,500 ரூபாய் முழுதாக ஜிபே செய்தேன். வந்த துண்டுகள் ஒன்றோடொன்று சேரவில்லை, நிறமே வேறு. பில் இல்லை. வீடியோ கேட்கவில்லை. விற்றவர் பிளாக் செய்துவிட்டார். (சென்னை)

பில் இல்லை, வீடியோ இல்லை, முன்பணம் முழுசு. கத்தரிக்காயையே புரட்டிப் பார்த்து வாங்குகிற ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுதுகிறீர்கள். சரி, போகட்டும். பணம் போன விவரத்தோடு இன்றே 1930 சைபர் குற்ற எண்ணுக்குப் பேசுங்கள், தாமதமானால் பணத்தை முடக்குவது கஷ்டம். அவர் கடை நடத்துபவர் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் வையுங்கள். அரட்டையை அழித்துவிடாதீர்கள். அழித்திருந்தால் எனக்கு எழுத வேண்டாம்.

தாத்தா தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவில் வேலை பார்த்தவர். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த ராடும் பித்தளை ரீலும் வீட்டில் இருந்தன. கொழும்பிலிருந்து வந்த ஒருவர், 'உளுத்துப்போச்சு, அடுப்புக்குத்தான் ஆகும்' என்று சொல்லி 4,000 ரூபாய்க்கு வாங்கிப் போனார். அதே ரீல் இப்போது இணையத்தில் 600 பவுண்டு. ஃபிளைப் பெட்டி மட்டும் எங்களிடம் இருக்கிறது. (ஹட்டன்)

தம்பி, இதில் உங்கள் வீட்டார் மேல் ஒரு குற்றமும் இல்லை. பொருள் தெரிந்தவன் தெரியாதவனிடம் பொய் சொல்லி வாங்குவது வியாபாரமே அல்ல. நுகர்வோர் சட்டம் வாங்குகிறவருக்கானது, விற்ற உங்களுக்கு அது உதவாது. ஆனால் தெரிந்தே பொய் சொல்லி வாங்கினார் என்று காட்ட முடிந்தால் சிவில் வழக்குக்கு இடம் உண்டு. பேசியபோது கூட இருந்தவர் யார் என்று எழுதி வையுங்கள். அந்த விளம்பரத்தைத் தேதியோடு படம் எடுங்கள். வீட்டில் பழைய புகைப்படம் எதிலாவது ராடு தெரிகிறதா என்று தேடுங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வசதி இல்லாதவர்களுக்காகத்தான் அது இருக்கிறது.

ஃபிளைப் பெட்டியை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டாதீர்கள். தூண்டில் முள்ளின் தலையில் இரும்புக் கண்ணுக்குப் பதிலாக மங்கிய மஞ்சளில் ஒரு சின்ன வளையம் இருந்தால், அது பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்துச் செய்த நரம்பு. நைலானுக்கு முந்தைய சரக்கு. தொட்டால் பொடிந்துவிடும், வளைக்க வேண்டாம். இரண்டு பேரிடம் விலை கேட்காமல் கொடுக்காதீர்கள்.

1930களின் ஹார்டி பாலகோனா (ஹார்டி கம்பெனியின் மூங்கில் ராடு) என்று இணைய ஏலத்தில் எடுத்தேன். ஒட்டு பிரிந்திருக்கிறது. திருப்பலாமா? (லண்டன்)

விற்றவர் வியாபாரியா, வீட்டுக்காரரா என்று பாருங்கள். வியாபாரியிடம் இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். பழுது இருந்தால் 30 நாளுக்குள் திருப்பித் தள்ளும் உரிமையும் உண்டு. தனி ஆள் என்றால் அவர் எழுதிய வர்ணனைதான் உங்கள் ஆயுதம். 'நல்ல நிலை' என்று எழுதியிருந்தால் கேளுங்கள், 'பார்த்தபடி' என்று எழுதியிருந்தால் கஷ்டம். எதற்கும், ஒட்டுவதற்கு முன் எழுதுங்கள். நீங்கள் கை வைத்த பிறகு யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

காட்டுக்கோழிக் கழுத்து இறகு இருந்தால் ஃபிளை கட்டக் கொடுங்கள் என்று வெளிநாட்டு நண்பர் கேட்கிறார். இங்கே ஒருவர் தருகிறேன் என்கிறார். (கூடலூர்)

வாங்காதீர்கள், அனுப்பாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம். நண்பருக்கு அவர் ஊரிலேயே வளர்ப்புக் கோழி இறகு கிடைக்கும்.

அவலாஞ்சியில் டிரவுட் பிடிக்க ராடு வாங்கிவிட்டேன். அனுமதி எங்கே வாங்குவது? (ஈரோடு)

மீன்வளத் துறையிலும் வனத் துறையிலும் முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் ராடு வாங்கியிருக்க வேண்டும். முக்கூர்த்தி தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டிலோடு கால் வைக்காதீர்கள். அனுமதி கிடைத்துப் போனால், ஈர ராடை அதை வைக்கும் குழாயில் போட்டு மூடிவிடாதீர்கள், வார்னிஷ் கொப்பளிக்கும்.