புதுச் சரிவில் ஏறலாமா? பாறைச்சரிவை நோட்டம் பார்ப்பது பற்றிக் கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கம் பன்னிரண்டு வருடமாகப் பாறை ஏறுகிறேன். இரண்டு குளிர்காலம் காஷ்மீரில் குல்மர்க்கில் பனிச்சறுக்கும் கற்றுக்கொண்டேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து: அக்கா, போன மழையில எங்க எஸ்டேட்டுக்கு மேல பெரிய நிலச்சரிவு ஒண்ணு விழுந்திருக்கு. கீழேருந்து பார்த்தா பாறை பளபளன்னு தெரியுது. அமெரிக்காவுல இந்த மாதிரி சரிவுல ஏறுறாங்க, பனி விழுந்தா ஸ்கீ போடுறாங்க. நாமளும் ஏறலாமா?

இப்போது வேண்டாம் தம்பி. நீங்கள் பார்த்தது அநேகமாக அடிரோண்டாக் மலைகளாக இருக்கும். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் மழையில் அங்கே பல சரிவுகள் புதிதாக விழுந்தன. அங்கே பாறைக்கு மேல் இருப்பது மெல்லிய மண்தான். அது மரத்தோடு உரிந்து போனால் அடியில் அனார்த்தோசைட் பாறை கழுவிவிட்ட தளம் மாதிரி மிஞ்சும்.

நம் மலை வேறு. இங்கே சார்னோக்கைட் பாறை காலங்காலமாக மழையில் மக்கி, பல இடங்களில் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு ஆழத்துக்குச் செம்மண்ணாகிவிட்டது. மக்காத உருண்டைப் பாறைகள் அந்த மண்ணுக்குள் பொங்கலில் முந்திரி போலப் புதைந்து நிற்கின்றன. சரிவில் பாதி மண் போனால் மீதிப் பாதி, பாறைகளோடு உங்கள் தலைக்கு மேலேதான் இருக்கும். நீங்கள் பார்த்த பளபளப்பு ஊற்றுநீர் கசியும் ஈரமாக இருக்கலாம். அப்படியென்றால் சரிவு இன்னும் ஓயவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மழைச் சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை நேரில் பார்த்த ஊர்க்காரர்கள் புதுச் சரிவுப் பக்கம் மாட்டைக்கூட ஓட்ட மாட்டார்கள். அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து: அப்போ பழைய சரிவு அடங்கிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் நாள் கயிறே எடுத்துப் போகாதீர்கள். எதிர் மலையில் உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். முக்கியமாகச் சரிவின் மேல் விளிம்பு. அதற்குப் பின்னால் புல்வெளியில் வளைவாக வெடிப்பு ஓடினால் அடுத்த துண்டு இறங்கத் தயாராகிறது என்று அர்த்தம். மரங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றாலும் அப்படித்தான்.

பிறகு கல்பாசி. பிரியாணிக்குப் போடுகிறோமே, அதுவும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றவையும் பாறையில் படரப் பல வருடம் பிடிக்கும். முகம் முழுக்கப் பாசி படர்ந்து கறுத்த பாறை வெகுநாளாக அங்கேயே இருக்கிறது. பாசி உள்ள பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்தால் அந்தக் கல் சமீபத்தில்தான் புரண்டது. உடைந்த முகம் புதுசாகத் தெரிந்தாலும் அதே கதை.

கிட்டே போனதும் சந்தையில் பானை வாங்குகிற மாதிரி தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் பாறை அடியோடு ஒட்டியிருக்கிறது. பொத்தென்றால் வெங்காயத் தோல் மாதிரி பெயர்ந்து நிற்கும் தகடு, அதில் ஆணி அடிக்காதீர்கள். ஒருமுறை தட்டிப் பார்க்காமல் பிடித்த ஒரு தகடு என் கையோடு வந்தது. கீழே நின்ற தோழியின் கணுக்கால் உடைந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. அன்றிலிருந்து கயிறு பிடிப்பவரை நேர் கீழே நிற்க விடுவதே இல்லை.

ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பாறை காய்ந்த தை, மாசியில்தான் ஏறலாம்.

ஊட்டியிலிருந்து: ஊட்டியில உறைபனி விழுதே, ஸ்கீ போட முடியாதா?

முடியாது. அது புல்மேல் படியும் பனிப்பொடி, வெயில் வந்ததும் போய்விடும். உத்தராகண்டில் இருக்கும் அவுலிக்கோ, குல்மர்க்குக்கோதான் போக வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து: அடுத்த வருஷம் குல்மர்க் போறேன். நிலச்சரிவு விழுந்த பாதையில பனி மூடியிருந்தா ஸ்கீ போடலாமா மேடம்?

பனி விழுமுன் அந்த இடத்தைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள் சார். அடியில் வழவழ பாறையா, பெரிய கற்களா, புதரா என்று தெரிய வேண்டும். வழவழ பாறைமேல் பனி பிடித்து நிற்காது. பனிச்சரிவு அதிகம் வருவது 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள இடங்களில். சறுக்குவதற்கு ஆசையாக இருப்பதும் அதே சாய்வுதான், அதனால் சாய்வுமானி எடுத்துப் போங்கள். டிரான்சீவர் (பனியில் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு ரேடியோக் கருவி), தேடும் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஆளுக்கு ஒன்று வேண்டும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைப்பது கடினம். வெளியிலிருந்து உதவி வருவதற்குள் அந்த நேரம் போய்விடும், உங்கள் கூட்டாளிதான் தோண்ட வேண்டும்.

மஞ்சூரிலிருந்து: இங்கிலீஷ்ல அவலாஞ்ச்னா பனிச்சரிவாமே, நம்ம நீலகிரி அவலாஞ்சிக்கு அந்தப் பேரு பனியாலயா வந்துச்சு அக்கா?

இல்லைம்மா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நடந்த பெரிய நிலச்சரிவால். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

தேனியிலிருந்து: யார்கிட்ட அனுமதி கேக்கணும்?

காப்புக்காடு என்றால் வனத்துறையிடம், எஸ்டேட் நிலம் என்றால் உரிமையாளரிடம். மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த 2018 மார்ச் 11 குரங்கணித் தீயை உங்கள் ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024-ல் வனத்துறை இணைய முன்பதிவுக்குத் திறந்த 40 பாதைகள் நடப்பதற்குத்தான், கயிறு கட்டி ஏறுவதற்கு அல்ல.

கோத்தகிரியிலிருந்து: பாறையில மலைத்தேனீ கூடு இருந்தா?

அந்தப் பாறையை விட்டுவிடுங்கள். கயிற்றில் தொங்கும்போது தேனீ கலைந்தால் ஓட இடமில்லை. எந்தப் பாறையில் எந்த மாதம் கூடு கட்டும் என்று குறும்பர் பெரியவர்களுக்குத் தெரியும். அந்தத் தேன் அவர்கள் பிழைப்பு. நான் புதுப் பாறை பார்க்கப் போனால் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போவேன்.