உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. வாக்குக்கு 208, நம்மவர் வாக்குக்கு 176: குடியரசுத் தலைவர் தேர்தலில் இது என்ன நியாயம்?

தேர்தல் சமயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் வாக்கு மதிப்புப் பட்டியலைப் பார்த்துத்தான் நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதே பட்டியல் ஒருமுறை என்னை வகுப்பறையில் திருதிருவென விழிக்க வைத்தது. அதனால்தான் இந்தப் பதில்.

நான் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2012 ஜூலையில் பிரணாப் முகர்ஜியும் பி.ஏ.சங்மாவும் போட்டியிட்டபோது, நாளிதழில் வந்த பட்டியலைப் பத்தாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். நீங்கள் கேட்டதையே ஒரு மாணவி கேட்டாள். "அங்கே மக்கள்தொகை அதிகம், அதனால் மதிப்பும் அதிகம்" என்று ஆண்டுதோறும் சொல்லிவந்த பதிலைச் சொன்னேன். அவளோ பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஜார்க்கண்டுக்கும் 176 போட்டிருக்கே சார், அது நம்மளவிடச் சின்ன மாநிலம்தானே?" என்றாள். நாளை சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு அரசியலமைப்பின் 55ஆவது பிரிவை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டபோதுதான், இத்தனை காலம் பாதிப் பதிலையே சொல்லி வந்திருக்கிறேன் என்பது புரிந்தது. மாநில மக்கள்தொகையைச் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மீதி ஐந்நூறுக்குக் குறையாமல் இருந்தால் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் 4.12 கோடிப் பேரை 234 பேருக்குப் பிரித்தாலும், ஜார்க்கண்ட் பகுதியின் 1.42 கோடிப் பேரை 81 பேருக்குப் பிரித்தாலும் விடை 176தான். மாநிலத்தின் மொத்த பலம் என்று பார்த்தால் நமக்கு 41,184, அவர்களுக்கு 14,256. ஆகவே 208 என்பது உத்தரப் பிரதேச உறுப்பினருக்குக் கிடைத்த கூடுதல் மரியாதை அன்று. அவர் ஒருவருக்குப் பின்னால் நிற்கும் மக்களின் எண்ணிக்கை, ஆயிரத்தில். நாடாளுமன்ற உறுப்பினர்களின் மதிப்பும் இதிலிருந்தே வருகிறது: 2022இல் எல்லாச் சட்டமன்றங்களின் மொத்தமான 5,43,231ஐ 776 உறுப்பினர்களுக்குப் பங்கிட, தலைக்கு 700 வந்தது. மாநிலங்களும் நாடாளுமன்றமும் சம எடையில் இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

சட்டம் படித்தவர்கள் இதில் குறை காணலாம்; வேட்பாளர்களை 1, 2 என்று வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை வாக்கைப் பற்றிச் சொல்லவில்லையே என்றும் கேட்கலாம். 1969இல் முதல் விருப்ப வாக்குகளில் பெரும்பான்மை கிட்டாத வி.வி.கிரி, இரண்டாம் விருப்ப வாக்குகளைச் சேர்த்த பிறகே நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார் என்பதை அறிவேன். ஆனால் உங்கள் கேள்வி மதிப்பைப் பற்றியது.

மேலே சொன்ன மக்கள்தொகை எல்லாம் 1971 கணக்கெடுப்பைச் சேர்ந்தது. புதிய கணக்கெடுப்புகள் வந்தாலும் அதையே பயன்படுத்தும்படி அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் 1976இல் அதை உறையவைத்தது. 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும்வரை அதை நீட்டித்தது. 2011 கணக்கெடுப்பைக் கொண்டு இதே வகுத்தலைச் செய்து பாருங்கள்: நமக்கு 308, உத்தரப் பிரதேசத்துக்கு 496. அநியாயம் என்று நீங்கள் நினைக்கும் இந்த 176தான், குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி செயல்படுத்திய மாநிலத்துக்கு இன்றுவரை பாதுகாப்பாக இருந்திருக்கிறது. இதைச் சொல்வதால் என்னை எந்தக் கட்சியிலும் சேர்த்துவிட வேண்டாம். வகுத்தல் எல்லாக் கட்சிக்கும் ஒன்றுதான்.

மறுநாள் இவ்வளவையும் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பினேன். அந்த மாணவி மறுபடியும் கையைத் தூக்கினாள். "அப்போ இந்தக் கணக்குல நாங்க யாருமே இல்லையா சார்?"

இல்லை என்றேன்.